என் பெயரில் ஆடியவள்

ஜனவரி 27, திங்கள்

ஜெயித்துவிட்டோம். கல்லூரிகளுக்கான மாநிலக் கபடிப் போட்டியில், பெண்கள் பிரிவில், எங்கள் காலேஜ்தான் முதலிடம். ஹாக்கி மட்டையைத் தவிர வேறெதையும் மதிக்காத கோவில்பட்டியில் எங்களுக்காக பஸ் ஸ்டாண்டில் சரவெடி போட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். யாரிடம் ‘பார்த்துக்கொள்ளுங்கள்’ என்கிறேன்? இது என் டைரி. அப்பா ஓட்டுகிற மினி பஸ்ஸின் முதலாளி அவருக்குக் கொடுத்து, அவர் எனக்குக் கொடுத்தது. யாரும் படிக்கப் போவதில்லை. அதனால் உள்ளதை எழுதிவிடுகிறேன்.

நான் ஆடவில்லை.

பட்டியலில் ஏழாம் நம்பர், ரெய்டர், ஆ. அங்காளஈஸ்வரி என்று என் பெயர்தான் இருக்கிறது. ஆடியது பூமாரி. என்னோடு பி.ஏ. வரலாறு சேர்ந்தவள். இரண்டாம் வருஷம் அவள் அப்பா சாரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்து படுத்ததும் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது எனக்குக் கால் பிசகிவிட்டது. எங்கள் விளையாட்டு ஆசிரியை எஸ்தர் மேடம் பூமாரியைத் தேடிப் பிடித்துக் கூட்டிவந்தார். தகுதிப் படிவத்தில் என் பெயருக்குப் பக்கத்தில் அவள் போட்டோவை ஒட்டினார். “பேர்ல ஆடுறது எல்லா எடத்துலயும் உள்ளதுதான்” என்றார். நான் கையெழுத்துப் போட்டேன். நான் செய்தது அவ்வளவுதான்.

ஒரே பெயரில் இரண்டு பேர் மைதானத்தில் நிற்க முடியாதல்லவா? அதனால் மூன்று நாளும் எங்களைத் தங்கவைத்த பள்ளிக்கூட வகுப்பறையிலேயே கதவைச் சாத்திக்கொண்டு இருந்தேன். யாரோ கரும்பலகையில் விட்டுப்போன கணக்கைப் பார்த்துக்கொண்டே பிஸ்கட் தின்றேன். ஃபைனல் சத்தம் ஜன்னல் வழியாக வந்தது. “ஈசு! ஈசு!” என்று கத்தினார்கள். என் பெயர்தான்.

வீட்டில் அம்மா ஏழாம் நம்பர் ஜெர்சியை முக்கி எடுத்துவிட்டு, “இம்புட்டு வேர்வையா பிள்ள!” என்று வாளித் தண்ணீரை எனக்குக் காட்டினாள். கால் வலியோடு ஆடிய மகள் என்று அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. தைலப் பாட்டிலை எடுத்துவந்து, “எந்தக் கால்?” என்றாள்.

“இடது.”

“போகும்போது வலதுன்னுல்ல சொன்ன?”

தூக்கம் வருகிறது என்று சொல்லிப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டேன்.

ஜனவரி 28, செவ்வாய்

காலை வழிபாட்டில் டீம் முழுவதையும் மேடையேற்றிக் கைதட்டினார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

ஜனவரி 31, வெள்ளி

மதியம் எஸ்தர் மேடம் மூச்சிரைக்க வகுப்புக்கு வந்து டீம் பிள்ளைகளை மட்டும் வெளியே கூப்பிட்டார். பிப்ரவரி பதினைந்தாம் தேதி தூத்துக்குடியில் அரசு விழா. அமைச்சர் கையால் கேடயம், செக், சான்றிதழ். செக்கை விடுங்கள், அந்தச் சான்றிதழ் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசாங்க வேலைக்கு மனுப் போடலாம். பிள்ளைகள் மேடத்தைக் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். சிறந்த ரெய்டருக்குத் தனிக் கோப்பையாம்.

“அப்ப பூமாரிக்குச் சொல்லிட்டீங்களா மேடம்?” என்று கேட்டது ஜெபமலர். எங்கள் கேப்டன். எதையும் யோசிக்காமல் கேட்டுவிடுவாள்.

“எல்லாரும் ஆதார் நகல் குடுக்கணும்ளா. ஆதார்ல யார் பேரு இருக்கோ அவதான் மேடையேற முடியும்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் செருப்பின் வாரைச் சரிசெய்தேன். அது சரியாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 3, திங்கள்

நாங்கள் ஜெயித்த செய்தி வந்த பேப்பர் அப்பாவுக்கு ஒருவழியாகக் கிடைத்துவிட்டது. நம் ஊர்ப் பதிப்பில் நாலாம் பக்கம். ரெய்டு போகிறவள் குனிந்து காலை நீட்டியிருக்கிறாள், முகத்தை முடி மறைத்திருக்கிறது, முதுகில் ஏழு. அடியில் என் பெயர். அப்பா அதை மினி பஸ்ஸில் ஏறிய அத்தனை பேருக்கும் காட்டியிருக்கிறார். எட்டு ட்ரிப்.

“டிரைவர் சங்கத்துல எல்லாரும் சேந்து உனக்கு ஃப்ளெக்ஸ் வைக்கப் போறோம் ஆத்தா” என்றார்.

“அதெல்லாம் வேண்டாம்ப்பா.”

“நீ சும்மா இரு. ஒன்னும் இல்லாதவனெல்லாம் காதுகுத்துக்கு ரோட்ட அடைச்சு வைக்கான். எம்மக அமைச்சர் கையால வாங்கப் போறா.”

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள கடையில் கொடுத்துவிட்டாராம். ஊரில் எத்தனையோ ஃப்ளெக்ஸ் கடை இருக்கிறது. வேறெங்காவது கொடுத்திருக்கலாம்.

இன்று ரெக்கார்டு நோட்டில் இரண்டு வரைபடம் முடித்தேன்.

பிப்ரவரி 5, புதன்

பேனர் வந்துவிட்டது. முக்கு ரோட்டில், டீக்கடைக்கு மேலே, ஆள் உயரத்துக்கு மூன்று மடங்கு. ‘எங்கள் ஊரின் வீரமங்கையே!’ என்று சிவப்பு எழுத்து. குனிந்து காலை நீட்டி நிற்கும் உடம்பு பூமாரியுடையது. தொடை இறுகியிருக்கிறது, வலது முட்டியில் கறுப்புக் கட்டு. அதற்கு மேல் என் தலை. ஆதாருக்கு எடுத்த பாஸ்போர்ட் போட்டோ. தலைக்கு எண்ணெய் வைத்து, பொட்டு வைத்து, நேரே பார்த்துச் சிரிக்கிறேன். உடம்பு ஒரு பக்கம் பாய்கிறது, தலை இன்னொரு பக்கம் இளிக்கிறது. யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை. அம்மா அதற்குச் சூடம் காட்டித் திருஷ்டி சுற்றினாள்.

காலேஜுக்கு இனிமேல் பின் தெரு வழியாகப் போகலாம் என்றிருக்கிறேன். பத்து நிமிஷம் கூட ஆகும். ஆகட்டும்.

பிப்ரவரி 7, வெள்ளி

பூமாரி போன் பண்ணி, வந்து பார்க்கச் சொன்னாள். மூன்று தடவை அடித்த பிறகுதான் எடுத்தேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள அந்த ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனேன். அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, ஒரு பூப்புனித நீராட்டு விழா பேனரில் தாய்மாமன்களை வரிசையாக நிறுத்திக்கொண்டிருந்தாள். படிப்பை விட்டதிலிருந்து அங்கேதான் வேலை பார்க்கிறாள். ஆமாம், எனக்குத் தெரியும். மூன்றாம் தேதியே தெரியும்.

“வாங்க பெஸ்ட் ரெய்டர்” என்றாள். பக்கத்து நாற்காலியில் இருந்த துணியை எடுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள். “உங்கப்பா வந்து நின்னாகளா. ‘எம்மக மூஞ்சி தெரியல தாயி, நல்ல போட்டோவா ஒட்டிக் குடு’ன்னாக. நான் என்னத்தச் சொல்ல? ஒட்டிக் குடுத்தேன். கழுத்துதான் பொருந்தவே மாட்டேன்னுட்டு. உனக்குக் கோழிக் கழுத்துளா! ஒரு மணி நேரம் இழுத்து இழுத்துப் பாத்தேன்.”

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்யட்டும்? எனக்கு அங்கேயே தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

பிறகு அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு, மவுசைத் தள்ளிவைத்தாள்.

“ஈசு, ஒன்னு கேக்கட்டுமா? எஸ்தர் மேடம் என்னைய ஆடக் கூப்புட வந்தப்ப ஒரு வார்த்த சொன்னாக. ஜெயிச்சுட்டா ஜூன்ல ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல ஃபீஸ் இல்லாம திரும்பச் சேத்துருதேன், பிரின்சிபல்ட்ட நான் பேசுதேன்னு. அதுக்குத்தான் வந்தேன். இப்ப போன எடுக்க மாட்டேங்காக. நீ ஒரு வார்த்த கேளேன்.”

“கேக்கேன்.”

“உன் செக்கு எனக்கு வேண்டாம், கோப்பையும் நீயே வச்சுக்கோ. அதெல்லாம் உம்பேர்ல உள்ளது. எனக்கு டிகிரிய முடிக்கணும்ளா. இந்த மாமன்மாருக்குத் தலை ஒட்டியே கெழவி ஆயிருவேன் போல.”

கட்டாயம் கேட்கிறேன் என்று சொன்னேன். அவள் டீ வாங்கிக் கொடுத்தாள். அவள் வலது கை நடுவிரலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. என்ன என்று நான் கேட்கவில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

சனிக்கிழமை கேட்க நினைத்தேன், ரேஷன் கடையில் வரிசையில் நிற்கவேண்டியதாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மாவாட்டினேன். இன்று கேட்டுவிட்டேன்.

எஸ்தர் மேடம் பந்து வைக்கிற அறைக்குள் என்னை இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்.

“நான் என்ன மாட்டேன்னா சொல்லுதேன்? அவ திரும்ப வந்து ஒரே ஒரு ரெய்டு போனாப் போதும் ஈஸ்வரி. பாக்குற ரெஃப்ரிக்குத் தெரியும், அன்னைக்கு ஃபைனல்ல ஆடுன பிள்ள இவதான்னு. அவ ஆட்டத்த ஒரு தடவ பாத்தவன் மறப்பானா? அப்புறம் பன்னெண்டு பேரு சர்டிபிகேட்டும் போச்சு. அவளையும் ஆயுசுக்கும் ஆட விட மாட்டான். எனக்கு இன்னும் வேல பெர்மனன்ட் ஆகல.”

“நீங்க வாக்குக் குடுத்திருக்கீங்க மேடம்.”

“குடுத்தேன். ஜெயிப்போம்னு யாரு கண்டா?”

மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே, “உனக்கு மட்டும் அன்னைக்குக் காலு பிசகாம இருந்திருந்தா இம்புட்டும் வந்திருக்குமா?” என்றார்.

எனக்கு மேடம் மேல் ஆத்திரம் பொங்கியது என்று எழுதத்தான் ஆசை. ஆனால் எனக்கு வந்தது நிம்மதி. அவள் வர மாட்டாள், யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்ற நிம்மதி. சே.

பூமாரிக்கு ‘மேடம் பாக்கலாம்னு சொன்னாங்க’ என்று மெசேஜ் போட்டேன். உடனே ஒரு கும்பிடு அனுப்பினாள்.

பிப்ரவரி 11, செவ்வாய்

எந்தக் காலும் பிசகவில்லை.

போன வருஷம் மண்டலப் போட்டியில் மூன்று ரெய்டு போனேன். மூன்றிலும் அமுக்கிப் பிடித்துவிட்டார்கள். மூன்றாவது தடவை என்னைக் குழந்தை மாதிரித் தூக்கிக் கோட்டுக்கு வெளியே வைத்தார்கள், பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் முழுவதும் சிரித்தது. இந்த வருஷம் மெயின் ரெய்டர் நீதான் என்று மேடம் சொன்ன அன்றைக்குச் சாயங்காலமே மாடிப்படியில் உட்கார்ந்து ‘ஐயோ கால்’ என்றேன். எந்தக் கால் என்று முடிவு பண்ணக்கூட நேரமில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

தூத்துக்குடி ஸ்டேடியத்தில் ஒத்திகை. அரசு விழாவுக்கு ஒத்திகை உண்டு என்பது எனக்குத் தெரியாது. அமைச்சர் நிற்கிற இடத்தில் சுண்ணாம்பால் ஒரு வட்டம். அதில் ஒரு கிளார்க் அமைச்சராக நின்றார். கேடயத்துக்குப் பதில் ஒரு பரீட்சை அட்டை.

“வரணும், கும்புடணும், வாங்கணும், கேமராவப் பாக்கணும், அந்தப் பக்கமா எறங்கணும். நடுவுல நின்னு யாரும் பேசப்படாது” என்று ஒரு அதிகாரி மைக்கில் சொன்னார். பத்துத் தடவை நடந்தோம். கடைசித் தடவை கிளார்க்கே அலுத்துப்போய் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு அதே அதிகாரி தாளைப் பார்த்து, “பெஸ்ட் ரெய்டர் யாரும்மா? நீயா? நீ மட்டும் ரெண்டு நிமிஷம் பேசணும். அந்தக் கடைசி ரெய்டு எப்படி நடந்துச்சுன்னு சொல்லு. பேப்பர்ல பெருசா போட்டிருந்தானே. அமைச்சருக்கு இப்படிக் கதை கேக்கப் பிடிக்கும்” என்றார்.

எஸ்தர் மேடத்தின் முகத்தில் ஈயாடவில்லை. நான் அந்த ரெய்டைப் பார்க்கவே இல்லையே. வேனில் திரும்பும்போது ஜெபமலரிடம் கேட்டேன். “நாங்க வெளிய நின்னு பாத்ததச் சொல்லலாம். உள்ள என்ன நடந்துச்சுன்னு போனவளத்தான் கேக்கணும்” என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சாயங்காலம் மொட்டை மாடியில் துணி எடுக்கிற சாக்கில் ஏறி, பூமாரிக்கு போன் பண்ணினேன். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு கேட்டேனோ தெரியாது. கேட்டேன். அந்தப் பக்கம் நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு சொல்ல ஆரம்பித்தாள். சொல்லச் சொல்ல அவள் குரலே மாறிவிட்டது. நோட்டில் எழுதிக்கொண்டேன். அதை அப்படியே இங்கே எழுதுகிறேன்.

“அவளுக முப்பது, நாம இருவத்தொம்பது. கடைசி ரெய்டு. உள்ள நாலு பேரு நிக்காளுக. நான் கண்ணப் பாக்க மாட்டேன்ளா, காலத்தான் பாப்பேன். பிடிக்க வாரவளுக்குப் பெருவெரல்தான் மொதல்ல அசையும். எடது ஓரத்துல நின்னவளுக்கு அசைஞ்சுது. நான் வலது பக்கம் போற மாதிரி போயி, காலை மட்டும் எடதுல விட்டேன். பட்டுருச்சு. திரும்புதேன், நடுவுல நின்ன தடிச்சி இடுப்பக் கட்டிட்டா. ரெண்டு பேரும் விழுந்துட்டோம். கோட்டுக்கு ஒரு முழம் இருக்கு. மூச்சு முடியப் போவுது. கபடி கபடின்னு வாயி சொல்லுது, சத்தம் வரல. அவள இழுத்துக்கிட்டே ஊர்ந்தேன். விரிப்புல பிறாண்டி ஒரு நகம் பேந்துட்டு, அப்ப வலிக்கல. நம்ம பிள்ளைக ஈசு ஈசுன்னு கத்துதாளுக. சரி, யாரையோ கூப்புடுதாளுக, நாம போய்ச் சேருவோம்னு கைய நீட்டினேன். வெரல் நுனி கோட்டத் தாண்டிருச்சு. மொதல்ல தொட்டவ ஒன்னு, என்னையப் பிடிச்சவ ஒன்னு. ரெண்டு பாயின்டு.”

“போதும் பூமாரி, ரொம்ப தேங்க்ஸ்” என்றேன்.

“பயப்படாம சொல்லு. மேடம்ட்ட நாளைக்கும் ஒருக்கா ஞாபகப்படுத்து, என்ன?” என்றாள்.

பிப்ரவரி 15, சனி

முடிந்தது.

அமைச்சர் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தார். புது டிராக் சூட் எல்லோருக்கும் ஒரே அளவு, ஜெபமலருக்கு முழங்காலுக்குக் கீழே நின்றுவிட்டது. அம்மாவும் அப்பாவும் மூன்றாவது வரிசையில். அப்பா காக்கியை விட்டு வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்.

‘சிறந்த ரெய்டர், செல்வி அங்காளஈஸ்வரி’ என்று கூப்பிட்டார்கள். போனேன், கும்பிட்டேன், வாங்கினேன். மைக்கைக் கையில் கொடுத்தார்கள். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். பெருவிரல், இடது ஓரம், நடுவில் நின்ற தடித்த பெண், ஒரு முழம், மூச்சு. நகம் பெயர்ந்தது என்று சொல்லும்போது மைக்கைப் பிடித்திருந்த கையின் விரல்களை உள்ளே மடக்கிக்கொண்டேன். என் பத்து நகமும் நன்றாக இருக்கின்றன.

அதோடு நிறுத்தியிருக்கலாம். கூட்டம் வாயைப் பிளந்து கேட்டதும் எனக்கு ஆசை வந்துவிட்டது. “அந்த நேரத்துல வெயில்ல பஸ் ஓட்டுற எங்கப்பா மூஞ்சி ஞாபகம் வந்துச்சு. அதான் கைய நீட்டினேன்” என்றேன். அது பூமாரி சொன்னதில் இல்லை. நானாகச் சேர்த்தது. ஸ்டேடியமே எழுந்து தட்டியது. அமைச்சர் என் தலையில் கைவைத்தார். அப்பா துண்டில் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

அந்த இரண்டு நிமிஷம் நான்தான் ஆடினேன் என்று எனக்கே தோன்றியது. சத்தியமாகத் தோன்றியது. இப்போது அதை நினைத்தால் உடம்பெல்லாம் கூசுகிறது. பொய் சொன்னதற்கு அல்ல, அது எனக்கு அவ்வளவு நன்றாக வந்ததற்கு.

லோக்கல் டிவியில் காட்டினார்களாம். கீழே இறங்கியதும் போனைப் பார்த்தேன். பூமாரியிடமிருந்து மெசேஜ். ‘சூப்பர்ளா. எங்க அப்பாவும் படுத்துக்கிட்டே பாத்தாரு. நல்லாப் பேசுது பிள்ளன்னாரு.’

பிப்ரவரி 16, ஞாயிறு

சொந்தக்காரர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அம்மா கோப்பையை டிவிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். நான் அடுப்படியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன்.

பிப்ரவரி 20, வியாழன்

பூமாரியிடமிருந்து இரண்டு மிஸ்டு கால். திரும்பக் கூப்பிடவில்லை. இன்டர்னல் பரீட்சை இருக்கிறது.

பிப்ரவரி 25, செவ்வாய்

இரண்டாவது பீரியடில் பியூன் வந்து, பிரின்சிபல் மேடம் கூப்பிடுகிறார் என்றார். எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். ஒரு வகையில், தெரிந்தால் தெரியட்டும் என்றும் இருந்தது. கும்பிட்டுக்கொண்டே உள்ளே போனேன்.

பூமாரி நின்றுகொண்டிருந்தாள். சுடிதார் இஸ்திரி போட்டு, தலை வாரி, கையில் பிளாஸ்டிக் ஃபைல். மேடம் பார்க்கலாம் என்று சொன்னதாக நான் எழுதியதை நம்பி, எத்தனை நாள்தான் காத்திருப்பாள்? அவளே நேரில் வந்துவிட்டாள். எஸ்தர் மேடம் இன்று லீவு.

பிரின்சிபல் மேடம் போன ஜூனில்தான் இங்கே வந்தார். பூமாரியை அவருக்குத் தெரியாது. அவர் முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை. என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

“வாம்மா சாம்பியன். இந்தப் பொண்ணு உன் கூடப் படிச்சவளாமே. குடும்பக் கஷ்டத்துல நிறுத்திட்டாளாம், திரும்பச் சேரணுங்கிறா. ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல ஒரே ஒரு இடம் இருக்கு. ஆனா இவகிட்ட வெறும் பார்ட்டிசிபேஷன் சர்டிபிகேட்தான் இருக்கு. அத வச்சு நான் எப்படிக் குடுக்கிறது? எஸ்தரும் இன்னைக்கு இல்ல. அதான் உன்னையக் கூப்பிட்டேன். அமைச்சர் கையால வாங்குன பிள்ள நீ. உன் வார்த்தைய நம்பி நான் கையெழுத்துப் போடறேன். சொல்லு, இவ எப்படி ஆடுவா?”

பூமாரி ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஃபைலை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, நம்பிக்கையோடு என்னைப் பார்த்தாள்.

‘என்னைவிட நல்லா ஆடுவா மேடம்.’ இதைச் சொன்னால் போதும். இதைச் சொல்வதால் எதுவும் வெளியே வந்துவிடாது, யார் சான்றிதழும் போகாது. சும்மா தோழிக்காகச் சொல்கிறாள் என்றுதான் பிரின்சிபல் நினைத்திருப்பார். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டிருப்பார். பேனாவின் மூடியைக்கூடக் கழற்றிவிட்டார்.

நான் வாயைத் திறந்தேன். ஜூன் மாதம் நினைவுக்கு வந்தது. இவள் வருவாள். ஒரு நாள் மைதானத்தில் இறங்குவாள். யாராவது ஒருத்தர் பார்ப்பார். முக்கு ரோட்டில் அப்பா நிற்பார்.

“சுமாரா ஆடுவா மேடம்” என்றேன்.

பிரின்சிபல் பேனாவை மூடினார். அந்தச் சின்னச் சத்தம் எனக்குக் கேட்டது. அவருக்கே ஏமாற்றமாகிவிட்டது போல. பூமாரியிடம் திரும்பி, “என்னம்மா, அப்படியா?” என்றார். மறுத்துச் சொல்ல அவளுக்கு ஒரு வாய்ப்புக் கொடுப்பது மாதிரி கேட்டார்.

இப்போது சொல்லிவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லித் தொலையட்டும், என்னைக் கிழித்துப் போடட்டும் என்று அப்போது மனதார வேண்டிக்கொண்டேன்.

பூமாரி என்னைப் பார்க்கவில்லை.

“ஆமா மேடம். நான் சுமாராத்தான் ஆடுவேன்” என்றாள்.